ஓரம் ரெண்டு பேருக்கும் சொந்தம்! - ஒரு வகுப்பே சேர்ந்து செய்யும் களிமண் சிற்பம்

பர்ஸில் ஒரு நாணயம் இருந்தால் எடுத்து மேசை மேல் வையுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, மொபைல் டார்ச்சை நாணயத்துக்கு நேர் மேலே பிடியுங்கள். சிங்கத் தூண் மங்கலாக, தட்டையாகத் தெரியும். இப்போது டார்ச்சை மேசையோடு மேசையாகச் சாய்த்து, பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் அடியுங்கள். சிங்கங்கள் பளிச்சென்று எழுந்து நிற்கும். அந்த மேடு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. நிழல் விழுந்ததும் உருவம் வந்துவிடுகிறது.

இதுதான் புடைப்புச் சிற்பம். பின்னணியை விட்டு முழுதாகப் பிரிந்து வராமல், அதிலேயே ஒட்டிக்கொண்டு மேலெழும் உருவம். நிலைவாசலில் இருக்கும் கஜலட்சுமி, தேரின் மரப் பலகைகள், கோயில் தூண்களில் இருக்கும் யாளியும் யானையும் எல்லாம் இந்த வகையில் அடங்கும்.

ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 40 பேர் சேர்ந்து இப்படி ஒரு சிற்பச் சுவரைச் செய்வது எப்படி என்று இந்த வாரம் பார்க்கலாம். ஓவிய ஆசிரியர்களுக்கு இது ஒரு முழுப் பருவத்துக்கான வேலை. சம்மர் கேம்ப் நடத்துபவர்கள், அபார்ட்மென்ட் பிள்ளைகளை ஒன்று சேர்த்து ஏதாவது செய்ய நினைக்கும் பெற்றோர்கள் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டு செய்யலாம்.

'எனக்கு வரைய வராது!'

மூன்றாம் வகுப்பில் ஊதா நிறத்தில் மாடு வரைந்துவிட்டுச் சந்தோஷமாகக் காட்டிய அதே பிள்ளை, ஏழாம் வகுப்பில் நோட்டைக் கையால் மறைத்துக்கொள்கிறது. கலைக்கல்வி பற்றி நிறைய எழுதிய விக்டர் லோவன்ஃபெல்ட், 1947-ல் வெளியான தன் புத்தகத்தில் இந்த வயதைத் தனியாகவே பேசுகிறார். 11 வயதைத் தாண்டும்போது பிள்ளைகள் தங்கள் படத்தை நிஜத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்குகிறார்கள். 'மாடு மாதிரியே இல்லையே' என்று அவர்களுக்கே தோன்றுகிறது. அத்தோடு பென்சிலைக் கீழே வைத்துவிடுபவர்கள் அதிகம்.

களிமண் இவர்களுக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கும். பென்சிலில் கோடு தப்பினால் ரப்பர் தேட வேண்டும். மண்ணில் தப்பினால் கட்டை விரலால் ஓர் அழுத்து அழுத்தினால் போதும். படம் வரைவதில் முதல் ஆளாக இருப்பவரும், முறுக்கு மாவைப் பிசைந்து பழகிய கையும் இங்கே ஒரே வரிசையில் உட்காரலாம்.

ஆனால், ஆளுக்கொரு பிள்ளையார் செய்து பெஞ்சில் வரிசையாக வைப்பதற்கும், எல்லோரும் சேர்ந்து ஒரே சிற்பத்தைச் செய்வதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. அதைப் புரிந்துகொள்ள மாமல்லபுரம் வரை ஒரு நடை போய் வரலாம்.

விரிசலை ஆறாக்கிய கதை

அர்ச்சுனன் தபசு என்றும், பகீரதன் தவம் என்றும் சொல்லப்படும் பெரும்பாறைச் சிற்பம் ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் காலத்தைச் சேர்ந்தது. சுமார் 90 அடி நீளம், 40 அடி உயரம். யானைகள், முனிவர்கள், வேடர்கள், பறந்து வருபவர்கள், தவம் செய்யும் பூனை என்று நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள். இதை ஒற்றை ஆள் செய்திருக்க வாய்ப்பே இல்லை.

போட்டோ எடுத்துக்கொள்ளும் அவசரத்தில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அது ஒற்றைப் பாறை கிடையாது. பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு பாறைகள், நடுவே இயற்கையான பிளவு. சிற்பிகள் அந்தப் பிளவை அடைத்து மறைக்கவில்லை. அதையே ஆறாக்கி, அதற்குள் நாகர்களை நீந்தி வரவைத்தார்கள். இரண்டு பக்க உருவங்களில் பெரும்பாலானவை அந்தப் பிளவை நோக்கியே திரும்பியிருக்கின்றன. இரண்டு பாறையும் சேரும் ஓரம்தான் அந்தச் சிற்பத்தின் நடு நாயகம்.

துண்டு துண்டாகச் செய்து சேர்க்கும் கலைக்கும் நம் நாட்டில் நல்ல முன்னோடி உண்டு. மேற்கு வங்கத்தின் விஷ்ணுபூர் பகுதியில் கோயில் கட்டத் தோதான கல் குறைவு. அதனால் செங்கல்லில் கோயில் கட்டி, சுட்ட மண் பலகைகளில் புடைப்புச் சிற்பம் செய்து சுவர் முழுக்கப் பதித்தார்கள். 1643-ல் கட்டப்பட்ட ஷ்யாம் ராய் கோயில் அதற்குப் பெயர் பெற்றது. நம் வகுப்பறைக்கு ஏற்ற வழியும் இதுதான்: ஆளுக்கு ஒரு மண் டைல், எல்லாம் சேர்ந்தால் ஒரு சுவர்.

முதலில் ஒரே படம்

பாடம் படத்தில் தொடங்குகிறது. ஏரிக்கரை, வாரச் சந்தை, பஸ் ஸ்டாண்ட், கோயில் திருவிழா என்று பிள்ளைகளுக்குத் தெரிந்த இடமாக இருக்கட்டும். ஒரு நிபந்தனை: இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஓடும் ஏதோ ஒன்று படத்தில் இருக்க வேண்டும். ரோடு, வாய்க்கால், ரயில், தேர் வடம் என எதுவும் சரி. அது இல்லாவிட்டால் 40 தனித் தனி பொம்மைகள்தான் மிஞ்சும்.

40 பேருக்கு 8 நெடுக்கு, 5 குறுக்கு என்று கட்டம் போடலாம். ஒரு டைல் 15 செ.மீ. சதுரம் என்றால் மொத்தப் படம் 120 செ.மீ. நீளம், 75 செ.மீ. உயரம். சார்ட் பேப்பர்களை ஒட்டி அந்த அளவிலேயே படத்தை வரையுங்கள். ஒவ்வொரு கட்டத்தின் பின்னாலும் அ1, அ2, ஆ1 என்று எண்ணும், எது மேல் பக்கம் என்று ஓர் அம்புக்குறியும் அவசியம். இல்லையென்றால் கடைசி நாளில் யானை தலைகீழாக நிற்கும்.

வெட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைதான் இந்தப் பாடத்தின் உயிர். கட்டக் கோட்டைப் படத்தின் எந்தக் கோடு எங்கெல்லாம் தாண்டுகிறதோ, அங்கெல்லாம் இரண்டு பக்கமும் தெரியும்படி கலர் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போடுங்கள். பக்கத்தில் உயரத்தையும் எழுதுங்கள். தூரத்து மலை, வீடு என்றால் அரை செ.மீ., நடுவில் இருப்பவை 1 செ.மீ., முன்னால் இருக்கும் மாடும் மனிதர்களும் 2 செ.மீ. வகுப்பு முழுக்க இந்த மூன்று உயரம்தான். பிறகு, பக்கத்துப் பக்கத்துக் கட்டக்காரர்கள் இரண்டு பேரும் அந்த ஓரத்தில் கையெழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும்.

40 டைல்களுக்கு மொத்தம் 67 ஓரங்கள் வரும். நடுவில் இருக்கும் டைலுக்கு நான்கு பக்கமும் ஆள் உண்டு. 'என் டைல், என் இஷ்டம்' என்ற பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

மண் வேலை

குயவர் வீட்டில் பானைக்காகப் பதப்படுத்திய மண் கிடைத்தால் நல்லது. ஒரு டைலுக்கு முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை பிடிக்கும். 40 பேருக்கு 30 முதல் 40 கிலோ. எல்லோருக்கும் ஒரே மண்ணாக இருக்க வேண்டும். காயும்போது மண் சுருங்கும். மண்ணோ தடிமனோ மாறினால் சுருக்கமும் மாறும், ஓரங்கள் சேராது.

ஒன்றரை செ.மீ. கனமுள்ள இரண்டு மரச் சட்டங்களை இரு பக்கமும் வைத்து, நடுவில் மண்ணைப் போட்டுச் சப்பாத்திக் கட்டையால் உருட்டினால் எல்லா டைலும் ஒரே கனத்தில் வரும். அடியில் நியூஸ் பேப்பர் போட்டுக்கொண்டால் எடுக்கச் சுலபம். உளி எல்லாம் தேவையில்லை. ஐஸ்கிரீம் குச்சி, காலி ரீஃபில், பழைய டூத் பிரஷ், ஒரு ஃபோர்க் போதும்.

மேலே உருவத்தை ஒட்டும்போது மண்ணை வைத்து வெறுமனே அழுத்தினால், காய்ந்ததும் கழன்று விழும். ஒட்டும் இரண்டு பக்கத்தையும் ஃபோர்க்கால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, தண்ணீர் கலந்த மண் குழம்பைத் தடவி, பிறகு அழுத்த வேண்டும். எந்த இடமும் 2 செ.மீ.க்கு மேல் திண்டாக நிற்கிறது என்றால், பின்பக்கத்திலிருந்து கொஞ்சம் மண்ணைக் குடைந்து எடுத்துவிடுங்கள். கனமான இடம் மெதுவாகக் காயும், அங்கேதான் வெடிப்பு வரும்.

அரசுப் பள்ளிகளில் இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. 2012-ல் நியமிக்கப்பட்ட பகுதி நேர ஆசிரியர்களில் ஓவிய ஆசிரியர்களும் அடக்கம். அந்த நியமனம் வாரத்துக்கு 3 அரை நாட்கள் என்ற கணக்கில் நடந்தது. ஆசிரியர் வராத நாளிலும் மண் காய்ந்துகொண்டேதான் இருக்கும். அதனால் தினமும் டைல்களை ஈரத் துணியாலும் பிளாஸ்டிக் ஷீட்டாலும் மூடிப் பார்த்துக்கொள்ள இரண்டு பேரை நியமியுங்கள். வகுப்பில் அதிகம் பேசி மாட்டிக்கொள்பவரிடம் இந்தப் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள்.

வேலை முடிந்ததும் சிந்திய மண்ணைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. ஈரத் துணியால் துடையுங்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அது இறுகும்போது தோல் வெந்துபோகும் அளவுக்குச் சூடாகும். எந்தப் பிள்ளையும் அதற்குள் கையையோ விரலையோ வைத்து அச்சு எடுக்கக் கூடாது.

சண்டை வரும் இடங்கள்

'மிஸ், இவன் யானைக்குக் காலே வைக்கல... என் டைல்ல வயிறு மட்டும் தொங்குது!'

இந்தச் சத்தம் வந்தால் பாடம் ஒழுங்காகப் போகிறது என்று அர்த்தம். வகுப்பு முடியும் முன் கடைசி 10 நிமிடங்களை ஓரம் பார்ப்பதற்கு என்றே ஒதுக்குங்கள். டைல்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, இரண்டு பேரும் குனிந்து பார்க்கட்டும். ஒருவரின் ரோடு மேலே, இன்னொருவரின் ரோடு கீழே என்று இருந்தால், இரண்டு பேருமே பாதிப் பாதி மாற்ற வேண்டும். நன்றாகச் செய்பவருக்காக மற்றவர் முழுதாக மாற்றிக்கொள்வது என்று ஒரு முறை விட்டுவிட்டால், அதுவே பழக்கமாகிவிடும்.

அடுத்த சண்டை, வானம் யாருக்கு என்பது. எல்லோருக்கும் யானை வேண்டும், தேர் வேண்டும். வெறும் வானம் வந்த பிள்ளையின் முகம் தொங்கிவிடும். அதனால் கட்டங்களைச் சீட்டுக் குலுக்கிக் கொடுப்பதே நியாயம். நன்றாக வரைபவருக்கு நடு டைல், மற்றவர்களுக்கு ஓரம் என்று ஆசிரியரே பிரித்தால், தனக்கு வராது என்று ஏற்கெனவே நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அது முத்திரை குத்தியது மாதிரி. மாமல்லபுரத்துப் பாறையின் மேல் பகுதியில்கூட வெற்று வானம் இல்லை. பறந்து வருபவர்கள் வரிசையாக இருக்கிறார்கள். நம் ஊர் வானத்தில் காக்கை, கரன்ட் கம்பி, பட்டம், செல்போன் டவர் எல்லாம் உண்டு.

மூன்றாவது, திருத்தும் கை. கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று பக்கத்து டைலில் கை வைத்து 'சரி' செய்யும். பள்ளி ஆண்டு விழா நெருங்கினால் ஆசிரியருக்கே கை பரபரக்கும், மூக்கைக் கொஞ்சம் எடுத்துவிட்டால் நன்றாக இருக்குமே என்று தோன்றும். கேட்காமல் யாரும் அடுத்தவர் டைலைத் தொடக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். அது ஆசிரியருக்கும் பொருந்தும். சுவரில் மாட்டிய பிறகு, 'இது நான் செஞ்சது' என்று அப்பா அம்மாவிடம் காட்டும்போது அந்தப் பிள்ளைக்கு உள்ளுக்குள் எந்தச் சந்தேகமும் இருக்கக் கூடாது.

வராமல் போன பிள்ளை

இதைவிடக் கஷ்டமான ஒன்று உண்டு. கையெழுத்துப் போட்டுக்கொண்ட 40 பேரில் ஒருவர் திடீரென்று வருவதை நிறுத்திவிடுவார். அப்பா அம்மா செங்கல் சூளைக்கோ, கட்டட வேலைக்கோ வேறு ஊர் போயிருப்பார்கள், பிள்ளையும் கூடவே போயிருக்கும். கணக்குப் பாடத்தில் ஒருவர் வராவிட்டால் அட்டெண்டன்ஸில் மட்டும் தெரியும். இங்கே நான்கு பேர் தங்கள் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

சுலபமான வழி, அந்த டைலை இன்னொருவரிடம் கொடுத்து முடித்துவிடுவது. அப்படிச் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. சுற்றியிருக்கும் நான்கு பேரும் தங்கள் ஓரத்தைத் தொடும் பகுதியை மட்டும், ஒப்புக்கொண்ட உயரத்தில் செய்து கொடுக்கட்டும். நடுப்பகுதியை அப்படியே விடுங்கள். ஈரம் போகாமல் பொத்தி வைத்தால், திரும்பி வரும் பிள்ளை அதை முடிக்கலாம். வராவிட்டால் அந்த வெறும் இடத்தோடே சுவரில் ஏறட்டும். மாமல்லபுரத்தில் பெரிய சிற்பத்துக்குக் கொஞ்சம் தெற்கே, அதே காட்சியைத் தொடங்கி முடிக்காமல் விட்ட இன்னொரு பாறையும் இருக்கிறது. அதையும் யாரும் அழித்துவிடவில்லை.

இந்த இடம் ஏன் காலியாக இருக்கிறது என்று அடுத்த வருடப் பிள்ளைகள் கேட்பார்கள். பதில் சொல்ல ஆள் இருக்கும். பள்ளியைவிட்டு நின்றுபோன பிள்ளையைப் பற்றி நாலு பேர் விசாரித்துக்கொண்டே இருப்பது, ஒருநாள் அந்தப் பிள்ளை திரும்பி வரவும் வழி செய்யலாம்.

காய்வதும் உடைவதும்

விரலால் தொட்டால் குழி விழாமல், நகத்தால் கீறினால் மட்டும் கோடு விழும் பதத்துக்கு வந்ததும் நுணுக்க வேலைகளை முடித்துவிட்டு, நிழலில் மெதுவாகக் காய விடுங்கள். வெயிலில் வைத்தால் ஓரங்கள் முதலில் காய்ந்து டைல் வளைந்துவிடும். ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை பொறுமை தேவை. காய்ந்ததா என்று பார்க்கப் பழைய வழி ஒன்று: டைலைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. ஈரத்தோடு சூளையில் வைத்தால், உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி டைல் வெடித்துவிடும்.

பக்கத்தில் சூளை இருந்தால் பானைகளோடு சேர்த்துச் சுட்டுத் தரச் சொல்லிக் கேட்கலாம். இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நன்கு காய்ந்த டைல்களின் மேல் தண்ணீர் கலந்த ஃபெவிகாலைப் பூசி, மழை படாத உள் சுவரில் வைக்கலாம். மண்ணே கிடைக்காத இடத்தில் கூரியர் அட்டைப் பெட்டிகளை வெட்டி, ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டி உயரம் கொண்டுவரலாம். தூரத்துக்கு ஓர் அட்டை, நடுவுக்கு இரண்டு, முன்னால் நான்கு. அதன் மேல் மைதா பசையில் நியூஸ் பேப்பர் ஒட்டி, முழுதும் ஒரே நிறம் அடியுங்கள். பல நிறம் அடித்தால் நிழல் தெரியாது.

எப்படியும் இரண்டு மூன்று டைல்கள் உடையும். உடைந்ததைத் தூக்கிப் போடாமல், துண்டுகளைச் சேர்த்து ஒட்டி, விரிசல் தெரியும்படியே வைத்துவிடலாம். விரிசலை என்ன செய்யலாம் என்பதைப் பல்லவச் சிற்பிகள் காட்டிவிட்டார்கள்.

மொத்தச் சிற்பம் 30 கிலோவைத் தொடும் என்பதால் ஆணி அடித்து மாட்டவே வேண்டாம். கெட்டியான பிளைவுட்டில் ஒட்டி, கீழே செங்கல் திண்டு வைத்துத் தாங்கி, மேலே சுவரோடு இறுக்கிவிட வேண்டும். இதற்கு ஒரு கொத்தனாரின் கை தேவை. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும் சுவராகத் தேர்ந்தெடுங்கள். காலையிலும் மாலையிலும் ஒரே சிற்பம் வேறு வேறு மாதிரி தெரியும்.

மதிப்பெண் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், 20 மதிப்பெண்ணில் 10 டைலுக்கு, 10 ஓரங்களுக்கு. ஓரத்துக்கான மதிப்பெண் சம்பந்தப்பட்ட இரண்டு பேருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். பக்கத்துப் பெஞ்சுக்காரர் நன்றாகச் செய்தால் தனக்கும் மார்க் கூடும் என்ற நிலைமை நம் பள்ளிகளில் அபூர்வம். ஒரு தடவையாவது அது நடக்கட்டும். பரீட்சை நெருங்கும்போது டிராயிங் பீரியடைக் கணக்கு சார் கேட்டு வருவார். 67 ஓரங்களையும் அவரிடமே எண்ணக் கொடுத்துவிட்டு, பீரியடை மட்டும் கொடுக்காதீர்கள்!

கடைசியாகப் பெயர்கள். டைலின் முன்பக்கம் யார் பெயரும் வேண்டாம். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் பூஞ்சேரி என்ற ஊரில் ஒரு பாறையில், கேவாத பெருந்தச்சன், குணமல்லன் என்று சில பெயர்கள் பழைய எழுத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. அவர்கள் மாமல்லபுரத்தில் வேலை செய்த சிற்பிகளாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதே மாதிரி, தனியாக ஒரு டைல் செய்து 40 பேரின் பெயரையும் அதில் கீறி, சுவரின் கீழ் மூலையில் பதித்துவிடுங்கள். பெயர்கள் ரேங்க் வரிசையில் வேண்டாம், கட்ட வரிசையிலேயே இருக்கட்டும். பாதியில் ஊரைவிட்டுப் போன பிள்ளையின் பெயரும் அதன் கட்டத்துக்கு உரிய இடத்தில் இருக்க வேண்டும்.